மாத்திரைக்கு வலி எங்கே என்று தெரியுமா? என்சைம் தடுப்பான்கள்: ஓர் எளிய அறிமுகம்

முட்டி வலிக்கு ஒரு மாத்திரை போடுகிறோம். அது வயிற்றுக்குள் போகிறது, கொஞ்ச நேரத்தில் முட்டியில் வலி குறைகிறது. அதே மாத்திரையைப் பல்வலிக்குப் போட்டால் பல்லில் குறைகிறது. "வலி எங்கே இருக்குன்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாத்திரைக்குத் தெரியாது என்பதுதான் பதில். கரைந்து ரத்தத்தில் கலந்த மருந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை போகிறது. வலியே இல்லாத காதுமடலுக்கும் போகிறது. போகிற இடத்தில் எல்லாம் ஒரு குறிப்பிட்ட என்சைமைக் கண்டால் அதன் வேலையை நிறுத்துகிறது. முட்டியில் அந்த என்சைம் மும்முரமாக இருந்ததால் அங்கே பலன் தெரிகிறது. மற்ற இடங்களிலும் அது நின்றுதான் போயிருக்கிறது. அங்கே அதனால் தொந்தரவு வந்தால் பக்கவிளைவு என்கிறோம். மருந்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை.

இந்த வகை மருந்துகளுக்கு என்சைம் தடுப்பான்கள் என்று பெயர். நம் வீட்டு மருந்து டப்பாவில் இவை நிறைய உண்டு. வலிக்கும் தூக்கத்துக்கும் இதே வழியில் ஒரு புது மருந்தைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகளாக ஒரு முயற்சி நடக்கிறது. அதில் நல்ல அறிவியலும் இருக்கிறது, ஒரு பெரிய ஏமாற்றமும் ஒரு மரணமும் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

என்சைம் ஒரு புரதம். பள்ளியில் நொதி என்று படித்திருப்போம். வெறும் சோற்றை வாயில் வைத்து நிறைய நேரம் மென்றால் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. உடலில் இப்படி ஆயிரக்கணக்கான என்சைம்கள் இருக்கின்றன. சில உடைக்கும், சில ஒட்டும், சில ஓர் அணுவை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கும். ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு குழி உண்டு. அந்தக் குழிக்குள் பொருந்தும் மூலக்கூறு உள்ளே போய், வேறொன்றாக மாறி வெளியே வரும். என்சைம் அப்படியே இருக்கும், அடுத்ததைப் பிடிக்கும்.

தடுப்பான் என்பது அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் வேறொரு மூலக்கூறு. அது இருக்கும்வரை என்சைமுக்கு வேலை ஓடாது. சில தடுப்பான்கள் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து என்று போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் என்சைம் பழையபடி வேலைக்கு வந்துவிடும். இபுப்ரோஃபன் இந்த ரகம். இன்னும் சில, குழிக்குள் போனதும் வேதிப் பிணைப்பே போட்டுவிடும். அப்புறம் அந்த என்சைம் பயன்படாது, உடல் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டால்தான் உண்டு. ஆஸ்பிரின் இந்த ரகம்.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுச் சமாச்சாரமில்லை. இதயத்துக்கு என்று தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அறுவை சிகிச்சை என்றால், "ஆஸ்பிரின் எடுக்கிறீர்களா?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். சில சிகிச்சைகளுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் உண்டு. ஒரு நாள் நிறுத்தினால் போதாதா? போதாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, அதனால் அவற்றால் புது என்சைம் செய்துகொள்ள முடியாது. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவின் என்சைமை முடக்கிவிட்டால், அந்தத் தட்டணு சாகும்வரை அப்படித்தான். அதன் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். புதுத் தட்டணுக்கள் போதுமான அளவு வந்து சேர அத்தனை நாள் ஆகிறது. (நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். சிலருக்கு நிறுத்துவதுதான் ஆபத்து.)

ஆஸ்பிரின் முடக்கும் அந்த என்சைமின் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ். செல்களின் சவ்வில் இருக்கும் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை எடுத்துப் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களாக மாற்றும் வேலையின் முதல் படியைச் செய்வது இதுதான். அடிபட்ட இடத்தில் ப்ராஸ்டாகிளாண்டின் கூடினால் அங்குள்ள நரம்பு நுனிகள் எதற்கெடுத்தாலும் கூச்சலிடத் தொடங்கும். சாதாரணமாகத் தொட்டாலே வலிப்பது அதனால்தான். ஆஸ்பிரினைப் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் தயாரித்தது 1897இல். அது ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துவதன் மூலம் வேலை செய்கிறது என்று ஜான் வேன் காட்டியது 1971இல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகமே என்ன செய்கிறது என்று தெரியாமல்தான் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், ப்ராஸ்டாகிளாண்டினுக்கு வலி உண்டாக்குவது மட்டும் வேலையில்லை. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சரியாக வைப்பதும் அதன் வேலைதான். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே என்று வீட்டில் திட்டுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் கொஞ்சம் குறையலாம். ஆனால் புண்ணுக்கான காரணம் வயிறு காலியாக இருப்பதில் மட்டும் இல்லை. மருந்து ரத்தத்தின் வழியாகத் திரும்பி வந்து இரைப்பைச் சுவரின் காக்ஸையும் நிறுத்துகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அந்த ஆபத்து முழுதாகப் போகாது.

1990களின் தொடக்கத்தில் காக்ஸ் ஒன்றில்லை, இரண்டு என்று தெரியவந்தது. முதலாவது எப்போதும் இருந்து வயிற்றைக் காப்பது. இரண்டாவது பெரும்பாலும் அழற்சி வந்த இடத்தில் தலைகாட்டுவது. அப்படியானால் இரண்டாவதை மட்டும் தடுத்தால் வயிறும் பிழைக்கும், வலியும் போகும் அல்லவா? அந்தக் கணக்கில் வந்தவைதான் செலகாக்சிபும் ரோஃபெகாக்சிபும். வயிற்றுக் கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் வையாக்ஸ் என்ற பெயரில் விற்ற ரோஃபெகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து, 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது காக்ஸுக்கு ரத்தக்குழாய்களிலும் ஒரு வேலை இருந்திருக்கிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் கெட்டதைச் செய்யும் என்சைமை நிறுத்தும் கதைகள். இதைத் தலைகீழாகவும் யோசிக்கலாம்.

நல்லதை அழிப்பதைத் தடுத்தால்?

தொட்டியில் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் குழாயைத் திறக்கலாம். குழாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அடியில் இருக்கும் துவாரத்தை அடைத்தாலே போதும். உடலுக்கு நன்மை செய்யும் ஒரு பொருளை உடலே செய்துகொண்டிருக்கிறது, ஆனால் ஓர் என்சைம் அதைச் செய்த சூட்டோடு அழித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளை நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. அழிக்கும் என்சைமை அடைத்தால் அது தானாகக் கூடும்.

இதுவும் நமக்குப் புதிதில்லை. சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினை வரவழைக்க அது உதவும். ஆனால் டிபிபி-4 என்ற என்சைம் அதை ஓரிரு நிமிடத்தில் உடைத்துப்போடுகிறது. கிளிப்டின் மாத்திரை அந்த டிபிபி-4ஐ அடைக்கிறது. மாத்திரைக்குள் ஹார்மோன் எதுவும் கிடையாது, நம்முடைய ஹார்மோனுக்கே அது ஆயுள் கூட்டித் தருகிறது.

வலியையும் தூக்கத்தையும் இந்த வழியில் பிடிக்கலாம் என்ற எண்ணம் பூனைகளிடமிருந்து வந்தது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லா ஹோயாவில் இருக்கிறது ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் அங்கே ரிச்சர்ட் லெர்னரும் அவருடைய குழுவினரும் தூங்கவிடாமல் வைத்திருந்த பூனைகளின் மூளைத்தண்டுவட நீரை ஆராய்ந்தார்கள். தூக்கம் கெட்ட பூனைகளில் ஒரு பொருள் சேர்ந்திருந்தது. அது என்ன என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் கிராவட், அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவர். அந்தப் பொருள் ஓலியமைடு. நாம் சமையலுக்கு ஊற்றும் கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் ஓலிக் அமிலத்தோடு ஒரு நைட்ரஜன் கூட்டு சேர்ந்தால் ஓலியமைடு. இத்தனை எளிய ஒரு கொழுப்பா தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்று அப்போது பலருக்கும் வியப்பு. அதைச் செயற்கையாகத் தயாரித்து எலிகளுக்கு ஊசியில் போட்டார்கள். எலிகள் கண்ணை மூடி அசையாமல் கிடந்தன. சத்தம் கேட்டால் மட்டும் அந்தப் பக்கம் கவனம் திருப்பின. மயக்க மருந்து கொடுத்த எலி அப்படிச் செய்யாது. இது தூக்கத்தோடு ஒத்துப்போகிற நிலை என்று 1995இல் வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாலித்தீன் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகளில் சேர்க்கும் பொருள்களில் இதே ஓலியமைடும் ஒன்று. ஆய்வுக்கூடத்துப் பிளாஸ்டிக் குழாய்களிலிருந்தே அது கசிந்து சோதனைகளைக் குழப்புகிறது என்று 2008இல் தெரியவந்தது. ஓலியமைடை அளக்கிறவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, தூக்கம் கலைந்து விழிக்க வேண்டுமென்றால் இந்த ஓலியமைடு எங்கேயாவது போய்த் தொலையவேண்டும். அதை உடைக்கும் என்சைம் ஒன்று இருந்தாக வேண்டும். கிராவட்டும் மற்றவர்களும் எலியின் கல்லீரலிலிருந்து அதைப் பிடித்து, அதற்கான மரபணுவையும் 1996இல் படித்து முடித்தார்கள். கொழுப்பு அமில அமைடு ஹைட்ரோலேஸ் என்பது முழுப் பெயர். சுருக்கெழுத்துகளைச் சேர்த்து வாசித்து ஃபா என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இதற்குள் ஜெருசலேமில் வேறொரு தேடல் முடிந்திருந்தது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை 1964இல் பிரித்துக்காட்டியவர்களில் ஒருவர் ரஃபேல் மெக்கூலம். மூளையின் நரம்புச் செல்களில் டிஎச்சி போய் ஒட்டுவதற்கென்றே ஏற்பிகள் இருப்பது பிற்பாடு தெரிந்தது. கஞ்சா இழுப்பவர்களுக்காகவா உடல் இதைச் செய்து வைத்திருக்கும்? நம் உடலே செய்யும் ஏதோ ஒன்று அங்கே ஒட்டவேண்டும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டெவேனும் லூமிர் ஹனுஷும் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டார்கள். ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். ஆமாம், நம்ம ஆனந்தம்தான்.

ஆனந்தமைடும் ஓலியமைடும் ஒரே குடும்பம். இரண்டையும் உடைப்பது அதே ஃபா. ஒன்று வலியோடும் பதற்றத்தோடும் தொடர்புடையது, மற்றொன்று தூக்கத்தோடு. ஓர் என்சைமை அடைத்தால் இரண்டும் கூடும். மருந்துக் கம்பெனிகள் ஏன் குதித்தெழுந்தன என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனந்தமைடையே ஊசியில் போட்டால் என்ன?

போடலாம். நிற்காது. சில நிமிடங்களில் ஃபா அதை உடைத்துவிடும். அப்படியானால் சட்டென்று உடையாத டிஎச்சியைக் கொடுத்தால்? அது மூளையில் ஏற்பி உள்ள இடத்தையெல்லாம் ஒரே நேரத்தில் தட்டும். வலி குறையும், கூடவே தலை சுற்றும், ஞாபகம் தடுமாறும், மாடிப்படி தெரியாது. ஆனந்தமைடு அப்படி மொத்தமாக வருவதில்லை. எந்த நரம்புக்குத் தேவையோ அங்கே, தேவையான நேரத்தில், சவ்விலிருந்தே கொஞ்சம் உண்டாகிறது. ஃபாவை அடைத்தால், ஏற்கெனவே உண்டாகும் இடங்களில்தான் அது கூடும். எல்லா இடத்தையும் தட்டாது. ஆகவே போதை இல்லாத வலி நிவாரணம் கிடைக்கலாம். இந்த வாதம்தான் முழு முயற்சிக்கும் அச்சாணி. காகிதத்தில் மிக நேர்த்தியான வாதம் என்பது என் எண்ணம், இன்றைக்கும்.

எலிகள் அதை ஆமோதித்தன. ஃபா மரபணுவே இல்லாத சுண்டெலிகளைக் கிராவட்டின் குழு உருவாக்கி 2001இல் அறிவித்தது. அவற்றின் மூளையில் ஆனந்தமைடு வழக்கத்தைவிடப் பதினைந்து மடங்கு. சூடு, அழற்சி போன்றவற்றின் வலியை அவை மற்ற சுண்டெலிகளைவிடக் குறைவாகவே காட்டின. மற்றபடி சாதாரணமாக ஓடியாடின.

அடுத்தது வேதியியலாளர்களின் வேலை. ஃபாவின் குழிக்குள், 241ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆனந்தமைடைத் தாக்கி உடைப்பது அதன் ஆக்சிஜன் அணுதான். அந்த ஆக்சிஜன் விரும்பித் தாக்கும்படியான, ஆனால் தாக்கியபின் உடையாத ஒரு பகுதியை மூலக்கூறில் வைத்துவிட்டால் ஃபா அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்ஸில் டேல் போகர் செய்தது அது. கொழுப்பு அமிலத்தைப் போன்ற நீண்ட வாலோடு ஒரு முனையில் அந்த ஆக்சிஜன் தாக்குவதற்கான கீட்டோன் தொகுதி, அதைச் சூடுபிடிக்க வைக்கப் பக்கத்திலேயே ஒரு நைட்ரஜன் வளையம். வளையத்தை மாற்றி மாற்றி, வாலை நீட்டியும் குறைத்தும், நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் செய்து பார்த்தார்கள். அந்த வரிசையில் பேர்பெற்றது ஓஎல்-135. அது பிடித்துவிட்டு விட்டுவிடும் ரகம். கொறிவிலங்குகளில் ஆனந்தமைடைக் கூட்டி வலியைக் குறைத்தது. மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் ரகங்களும் வந்தன. டேனியேல் பியோமெல்லியின் குழு 2003இல் வெளியிட்ட யுஆர்பி597 அதில் ஒன்று, ஃபைசர் நிறுவனத்தின் பிஎஃப்-04457845 இன்னொன்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, பின்னால் தேவைப்படும். குழிக்குள் செரினை வைத்துக்கொண்டு வேலை செய்யும் என்சைம் ஃபா மட்டுமில்லை. மனித உடலில் அந்தக் குடும்பத்தில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. ஃபாவின் செரினுக்கு வைத்த பொறியில் பக்கத்து வீட்டுச் செரினும் விழலாம். ஒரு தடுப்பான் இந்தக் குடும்பத்தில் வேறு யாரையெல்லாம் பிடிக்கிறது என்பதை ஒரே சோதனையில் வரிசையாகப் பார்க்கும் முறையைக் கிராவட் உருவாக்கினார். இந்தத் துறைக்கு அவர் கொடுத்ததில் ஃபாவைவிடப் பெரியது அந்த முறைதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதில் உடன்பாடு.

மனிதர்களிடம் வந்தபோது

ஃபைசர் தன் மருந்தை முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2012இல் முடிவு வெளியானது. ரத்தத்தில் பார்த்தால் ஃபாவின் செயல்பாடு 96 சதவீதத்துக்கு மேல் நின்றிருந்தது. ஆனந்தமைடும் அதன் உறவுகளும் கூடியிருந்தன. மருந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ஆனால் வலி மட்டும், ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. அதே சோதனையில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பழைய நாப்ராக்சன், காக்ஸைத் தடுக்கும் சாதா மாத்திரை, வலியைக் குறைத்துக் காட்டியது. ஆகவே சோதனை சரியில்லை என்றும் சொல்ல வழியில்லை.

ஏன் இப்படி? உறுதியான விடை இன்னும் இல்லை. நியாயமான காரணங்கள் சில இருக்கின்றன. ஃபாவை அடைத்தாலும் ஆனந்தமைடு வேறு வழியில் போகும். நாம் முதலில் பார்த்த காக்ஸின் இரண்டாம் வகையே அதையும் பிடித்து வேறு பொருளாக மாற்றும். இன்னொன்று, ஆனந்தமைடு கஞ்சா ஏற்பியை மட்டும் தொடுவதில்லை. மிளகாயின் காரம் எந்த ஏற்பியில் பட்டு எரிகிறதோ, அந்த ஏற்பியையும் தட்டும். ஒரு பக்கம் வலியைக் குறைக்கும் பொருள் அளவு கூடும்போது இன்னொரு பக்கம் எரிச்சலைக் கூட்டலாம். மூன்றாவது காரணம் எளிமையானது: எலிக்கு முட்டித் தேய்மானம் இருபது வருடமாக இருப்பதில்லை.

மனிதரில் ஃபா குறைந்தால் வலி குறையவே குறையாதா என்றால், அதுவும் இல்லை. ஸ்காட்லாந்தில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குக் கையில் அறுவை சிகிச்சை நடந்தது. சாதாரணமாக மிகவும் வலிக்கும் சிகிச்சை அது. அவருக்கு வலி மருந்தே தேவைப்படவில்லை என்பதைக் கண்டு மயக்கவியல் மருத்துவர் ஆச்சரியப்பட்டு விசாரித்தார். வாழ்நாள் முழுக்க அவருக்கு வலி பெரிதாகத் தெரிந்ததில்லை. அடுப்பில் கை பட்டால் சதை கருகும் வாசனை வந்தபிறகுதான் தெரியும். பதற்றமும் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அவருடைய மரபணுக்களைப் பார்த்து 2019இல் எழுதினார்கள். ஃபாவை உடல் எவ்வளவு செய்யவேண்டும் என்பதைப் பாதிக்கும் ஒரு துண்டு டிஎன்ஏ அவரிடம் இல்லை. அதோடு ஃபா மரபணுவிலேயே அதன் வேகத்தைக் குறைக்கும் ஒரு மாற்றமும் இருந்தது. ரத்தத்தில் ஆனந்தமைடு அதிகம். ஆக, கருவிலிருந்தே ஃபா குறைவாக வளர்ந்த உடலும், அறுபது வயதில் இரண்டு வாரம் ஃபாவை அடைத்த உடலும் ஒன்றில்லை.

ஃபைசரின் மருந்து பலன் தரவில்லை, ஆனால் யாரையும் கெடுக்கவும் இல்லை. அதனால் இந்த வகையே பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவியிருந்தது. 2016 ஜனவரியில் ஃபிரான்ஸின் ரென் நகரத்தில் அது உடைந்தது.

போர்ச்சுகலின் பியால் நிறுவனம் தயாரித்த ஃபா தடுப்பான் பிஐஏ 10-2474. ரென் நகரில் பயோட்ரையல் என்ற நிறுவனம் அதை ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. சோதனையின் இந்தக் கட்டத்தில் நோயாளிகள் வரமாட்டார்கள். உடல்நலம் சரியாக உள்ளவர்கள் பணம் பெற்றுக்கொண்டு பங்கேற்பார்கள், எந்த அளவு மருந்து வரை உடல் தாங்குகிறது என்று சோதிப்பவர்கள் பார்ப்பார்கள். சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார்கள். பல பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடித்துவிட்டுப் போனார்கள். கடைசிக் குழுவுக்குத் தினம் 50 மில்லிகிராம். ஆறு பேர் மருந்து எடுத்தார்கள். ஐந்தாம் நாள், ஜனவரி 10ஆம் தேதி மாலை, ஒருவருக்கு உடல்நிலை கெட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த வேளை மருந்து வழக்கம்போலக் கொடுக்கப்பட்டது. அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு நரம்புக் கோளாறுகள் வந்தன. முதலில் விழுந்தவர் 17ஆம் தேதி இறந்துபோனார்.

அந்த மறுநாள் காலை வேளையைத்தான் பிரெஞ்சு அரசின் விசாரணை கடுமையாகக் குறை சொன்னது. சோதனையை உடனே நிறுத்தியிருக்கவேண்டும், மற்றவர்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கவேண்டும், அதிகாரிகளுக்குச் சீக்கிரம் தெரிவித்திருக்கவேண்டும். நிபுணர் குழு இன்னொன்றையும் கேட்டது. ஃபாவை முழுமையாக நிறுத்த அந்த மருந்தில் கொஞ்சமே போதும் என்ற நிலையில், அதைப் போலப் பல மடங்கு ஏன் கொடுக்கவேண்டும்? அடைபட்ட துவாரத்தை மேலும் அடைக்க முடியாது. கூடுதலாகப் போகும் மருந்து வேறு எதையாவதுதான் பிடிக்கும்.

எதைப் பிடித்தது? இங்கேதான் அந்த இருநூறு பேர் குடும்பம் வருகிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மாரியோ வான் டெர் ஸ்டெல்ட் குழுவினர், கிராவட்டின் முறையைக் கொண்டு, இந்த மருந்தையும் ஃபைசர் மருந்தையும் மனித நரம்புச் செல்களில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவின்படி, ஃபைசர் மருந்து ஃபாவோடு நின்றுவிட்டது. பிஐஏ 10-2474 கொழுப்புகளைக் கையாளும் வேறு பல என்சைம்களையும் பிடித்து, செல்களின் கொழுப்புக் கணக்கையே கலைத்திருந்தது. மரணத்துக்கு இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஃபாவை அடைத்ததால் அல்ல, மற்றதைத் தொட்டதால் என்ற பக்கம் சந்தேகம் சாய்ந்தது. ஐரோப்பிய மருந்து முகமை, மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கும் சோதனைகளுக்கான விதிகளை 2017இல் திருத்தியது.

தூக்கம் என்ன ஆயிற்று?

இன்று மருத்துவர் எழுதித்தரும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலானவை என்சைம் தடுப்பான்கள் இல்லை. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளின் ஏற்பியில் ஒட்டி, அதன் குரலை உரக்க ஆக்குபவை. தூக்கம் வரும், பழக்கமும் வரும். ஆழ்ந்த தூக்கத்தின் இயல்பான வடிவமும் சிலவற்றால் மாறும். வேறு வழி வேண்டும் என்ற ஆசை அதனால்தான்.

ஃபா வழியில் கிடைத்த நல்ல செய்தி சற்று எதிர்பாராத பக்கமிருந்து வந்தது. கஞ்சாவை நிறுத்தும்போது பலருக்குத் தூக்கம் கெட்டுப்போகும், எரிச்சல் வரும், அதைத் தாங்காமல் திரும்பிப் போவார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் தீபக் சிரில் டிசூசாவும் குழுவினரும், முட்டி வலியில் தோற்ற அதே ஃபைசர் மருந்தை, கஞ்சாவை விட முயன்ற ஆண்களுக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு அவஸ்தை குறைவு, பின்னர் கஞ்சா எடுத்த அளவும் குறைவு. தூக்கத்தைக் கருவி வைத்து அளந்தபோது, நிறுத்தியவர்களுக்குச் சுருங்கிப்போகும் ஆழ்ந்த தூக்கம் இவர்களுக்கு அவ்வளவாகச் சுருங்கவில்லை. சிறிய சோதனை, அதுவும் ஆண்களிடம் மட்டும், கஞ்சாவை விடும் சூழ்நிலையில் மட்டும். இதை வைத்துக்கொண்டு, ராத்திரி தூக்கம் வராத ஒருவருக்கு இது உதவும் என்று சொல்லிவிட முடியாது.

வலிக்கோ தூக்கத்துக்கோ ஃபாவைத் தடுக்கும் மருந்து எதற்கும் இதுவரை அனுமதி கிடைக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்காது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது இணையத்தில் எதையாவது விற்றால், வாங்காமல் இருப்பது நல்லது.

ஆனால் ஃபாவோடு நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு, அதுவும் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் வழியாக. பாராசிட்டமால் வலியை எப்படிக் குறைக்கிறது என்பது நூறாண்டுக்கு மேலாகியும் முழுதாகத் தீராத வழக்கு. 2005இல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு வழியைக் காட்டினார்கள். கல்லீரலில் பாராசிட்டமாலின் ஒரு பகுதி கழன்று சிறிய பொருளாகிறது. அது மூளைக்குப் போகிறது. அங்கே ஓர் என்சைம் அதை அராக்கிடோனிக் அமிலத்தோடு சேர்த்து ஏஎம்404 என்ற பொருளைச் செய்கிறது. வலி குறைவதில் அதற்குப் பங்கு இருப்பதாகப் பிற்பாடு வந்த சோதனைகளும் காட்டின. சேர்த்துவைக்கும் அந்த என்சைம் வேறு யாருமில்லை, ஃபாதான். உடைப்பதே தொழிலாக இருப்பது இங்கே ஒட்டவும் செய்கிறது. ஃபா இல்லாத சுண்டெலிகளுக்குப் பாராசிட்டமால் கொடுத்தபோது அவற்றின் வலி குறையவில்லை. ஆகவே ஃபா தடுப்பான் ஒன்று என்றைக்காவது கடைக்கு வந்தால், அதைப் போட்டுக்கொண்டவருக்கு ஜுரத்தோடு தலைவலியும் வந்தால் பாராசிட்டமால் கேட்குமா என்பதை யாராவது முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.